பலவீனத்தின் அட்டவணை

எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறாத ஓர் அட்டவணையை இன்றைய மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கின்றனர். பெருக்கல் வாய்பாட்டில் எட்டைத் தாண்டத் தயங்கும் பிள்ளைகூட, நெருப்பு எதை வெல்லும், எதற்குத் தோற்கும், மின்னல் எதன்மேல் பாய்ந்தால் பயனற்றுப்போகும் என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். குருவிட்டப் பகுதித் தோட்டங்களின் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். லயத்து வரிசையில் ஒரு கைத்தொலைபேசி இருந்தால் போதும். அதைச் சுற்றி ஆறு தலைகள் கூடிவிடுகின்றன.

பாத்திரமேற்று ஆடும் இவ்வகை ஆட்டங்களை வீண்பொழுது என்று ஆசிரிய நண்பர்கள் பலர் தள்ளிவிடுகின்றனர். அவ்வாறு தள்ளிவிட நமக்கு மனமில்லை. பிள்ளைகள் யாருடைய வற்புறுத்தலுமின்றி விரும்பிக் கற்கும் எதிலும் ஒரு உலகநோக்கு ஒளிந்திருக்கும். அந்த நோக்கு எத்தகையது என்று ஆராய்வது நம் தொழிலின் பாற்பட்டது.

யப்பானில் 1996 ஆம் ஆண்டு வெளிவந்த போக்கிமொன் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் கற்பனை உயிர்கள் நெருப்பு, நீர், புல், மின், மண், பாறை என ஏதேனும் ஒரு வகையைச் சேர்ந்தவை; சில உயிர்கள் இரண்டு வகைகளைச் சேர்ந்தவை. தொடக்கத்தில் 15 வகைகள் இருந்தன; இன்று 18 இருக்கின்றன. ஒரு வகையின் அடி மற்றொரு வகையின்மேல் விழும்போது அதன் வலு இரட்டிக்கலாம், பாதியாகலாம், சில இடங்களில் பூச்சியமும் ஆகலாம். நீர் நெருப்பின்மேல் விழுந்தால் இருமடங்கு. நெருப்பு நீரின்மேல் விழுந்தால் பாதி. மின் மண்ணின்மேல் விழுந்தால் பூச்சியம். இப்படி 324 கட்டங்கள். பிள்ளைகள் ‘வீக்னஸ்’ என்று சொல்வது, தம் வகைக்கு எதிரே இரண்டு என்ற எண் எழுதப்பட்டிருக்கும் கட்டத்தையே.

இந்தத் தர்க்கத்தில் நாம் மதிக்கத்தக்க ஒன்று உண்டு. நம் சமுதாயம் நமக்குக் கற்பித்துவந்தது ஏணியின் தர்க்கம். மேற்படியில் நிற்பவன் கீழ்ப்படிகள் அனைத்தையும் மிதிப்பான். கீழ்ப்படியில் நிற்பவனுக்கு மிதிக்க ஒருவருமில்லை. சாதியின் தர்க்கமும் இதுவே. தோட்டத்தில் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி என்று இறங்கிவரும் அதிகாரத்தின் தர்க்கமும் இதுவே. ஆட்டத்தின் தர்க்கமோ சக்கரத்தினுடையது. நெருப்பு புல்லை எரிக்கிறது. புல் நீரைக் குடிக்கிறது. நீர் நெருப்பை அணைக்கிறது. எல்லாரையும் வெல்பவர் எவருமில்லை, எல்லாரிடமும் தோற்பவரும் எவருமில்லை என்னும் கருத்து ஒரு பிள்ளையின் நெஞ்சில் விளையாட்டாகவேனும் பதிவது நன்றே.

ஆயினும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஐம்பூதங்கள் பற்றிய பாடத்தின் நடுவே, இவ்வட்டவணையைப் பற்றிய பேச்சு எழுந்தபோது கேட்ட கேள்வி நம்மை மேலும் சிந்திக்க வைத்தது. “அப்ப எங்களுக்கு எது சேர் வீக்னஸு? நாங்க எந்த வகையில சேர்த்தி?” என்றாள். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. வகை என்ற சொல்லுக்குள் அவள் எதையெல்லாம் வைத்துக் கேட்டாள் என்பது தோட்டப் புறத்தில் ஆசிரியத் தொழில் பார்ப்பவருக்கு விளங்காமற் போகாது.

பூதங்களின் வெற்றி தோல்வியை மனிதரின்மேல் ஏற்றிப் பார்ப்பது அச்சிறுமியின் புதுக்கற்பனையன்று. அரசர்கள் முன்பே அதைச் செய்திருக்கின்றனர். பண்டைச் சீனத்தில் மரம், மண், நீர், நெருப்பு, உலோகம் என ஐந்தைக் கொண்டு உலகை விளக்கினர். மரம் மண்ணைப் பிளக்கும், மண் நீரைத் தடுக்கும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும் என்பது அவர்கள் கண்ட சக்கரம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ட்சோ யென் என்னும் அறிஞர் இச்சக்கரத்தை அரச வம்சங்களுக்குப் பொருத்தினார்: ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு பூதம், அதை வெல்லும் பூதத்தைக் கொண்ட வம்சம் அடுத்து வரும். கி.மு. 221 இல் சீனம் முழுவதையும் தன் குடைக்கீழ்க் கொணர்ந்த சின் பேரரசன், முந்திய சோ வம்சம் நெருப்பு என்றும், தான் அதை அணைத்த நீர் என்றும் கொண்டான். நீரின் நிறமெனக் கருதப்பட்ட கருமை அவனது அரசின் நிறமாயிற்று. வாளாலும் வரியாலும் நடந்த வெற்றிக்கு இயற்கையின் கையொப்பம் கிடைத்துவிட்டது.

அதே சீனத்தில் இதை மறுத்தவர்களும் இருந்தனர். மோசியின் வழிவந்த தருக்கவாதிகள், ஐந்தில் எதுவும் எப்போதும் வெல்வதில்லை, எல்லாம் அளவைப் பொறுத்தது என்றனர். நெருப்பு மிகுந்தால் உலோகம் உருகும். உலோகம் மிகுந்தால் கரி தீர்ந்து நெருப்பே அவிந்துபோகும். மென்சியஸும் வேறொன்றை விளக்க வந்தவிடத்தில், எரிகின்ற ஒரு வண்டி விறகின்மேல் ஒரு கிண்ணம் நீரை ஊற்றிவிட்டு, நீர் நெருப்பை வெல்லாது என்று சொல்வாரின் பேதைமையைக் காட்டினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்த இந்த மறுப்பு நம் பிள்ளைகளின் அட்டவணையில் இடம்பெறவில்லை. அங்கே அடியின் வலுவுக்கு அளவுண்டு. ஆனால் எந்த அளவிலும் இரண்டு இரண்டாகவே நிற்கும்.

தமிழ் மரபோ பூதங்களைப் பிரித்து மோதவிடுவதில் அவ்வளவு நாட்டங்கொள்ளவில்லை. ஐந்தும் ஒன்றோடொன்று விரவிக் கலந்திருப்பதே உலகம் என்பது தொல்காப்பிய மரபியலின் கருத்து. புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனைப் பாடும்போது, மண்ணின் பொறுமையும் விசும்பின் விரிவும் காற்றின் வலிமையும் தீயின் அழிக்கும் ஆற்றலும் நீரின் அருளும் ஒருவனிடத்திலேயே இருப்பதாகக் காண்கிறார். அவர் பாடியது அரசனைத்தான். ஆனால் ஐந்தும் ஒரே மனிதனுள் இருக்கக்கூடும் என்ற அந்தப் பார்வை, ஆளுக்கொரு வகை என்று முத்திரை குத்தும் பார்வைக்கு நேர் எதிரானது.

இனி அட்டவணையை நம் ஊரின் மண்ணில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

நீர் நெருப்பை வெல்லும் என்பது முதல் விதி. ஒரு கிலோகிராம் கொதிநீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,260 கிலோயூல் வெப்பத்தைக் கவர்கிறது. வெப்பத்தை இழந்த விறகு தொடர்ந்து எரிய மாட்டாமல் அவிகிறது. இது உண்மை. ஆனால் மின்சாரம் தடைப்பட்ட இரவில் குப்பி விளக்குச் சரிந்து, சிந்திய மண்ணெண்ணெய் பற்றிக்கொண்டால் அதன்மேல் நீரை ஊற்றலாகாது. எண்ணெய் நீரின்மேல் மிதந்து, நீர் ஓடும் திசையெல்லாம் தீயை ஏந்திச் செல்லும். அங்கே நீர் நெருப்பின் வாகனம். நெருப்பை அடக்குவது ஒரு கூடை மண். எனவே நெருப்பின் பலவீனம் எது என்று கேட்பதற்கு முன், எது எரிகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மண் நீருக்குத் தோற்கும் என்பது மற்றொரு விதி. பாறையும் மண்ணும் ஆகிய இரண்டுமே நீரடிக்கு இருமடங்கு வருந்துவன என்று அட்டவணை சொல்கிறது. உலர்ந்த மண்ணை உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள்; விரலிடுக்கில் ஒழுகிவிடும். சிறிது நீர் தெளித்துப் பிசையுங்கள். உருண்டையாகிறது, சுவராகிறது, அடுப்பாகிறது. ஓரளவு வரைக்கும் நீரே மண்ணின் பலம். அவ்வளவைக் கடந்தால், மண் துகள்களின் இடைவெளிகளில் நிறைந்த நீர் அவை ஒன்றையொன்று பற்றவிடாமல் தள்ளுகிறது. மேலுள்ள பாரமும் கூடுகிறது. சாய்வான நிலம் நழுவுகிறது. மண்சரிவு எச்சரிக்கைக்காகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கைக்கொள்ளும் அளவுகளை நோக்குங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். அதே மண், அதே நீர். அளவு மாறியபோது பண்பு மாறிவிட்டது. ஏங்கல்ஸ் இயற்கையில் கண்டு எழுதிய இவ்விதியை, ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றர் அளவில் மழை பொழியும் இரத்தினபுரிப் பிரதேசத்தில் எவரும் நூலைத் திறக்காமலே அறிவர்.

அட்டவணையின் மூன்றாம் விதியையும் பார்ப்போம். செடிகொடி வகை நீரையும் மண்ணையும் தாங்கி நிற்கும். அவற்றின் அடி அதன்மேல் பாதியாகிவிடும். இவ்விதி எவ்வளவு சரியானது என்பதற்கு இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிகளே சான்று. குழியின் நான்கு புறமும் மரச்சட்டங்களை அடுக்கி, அவற்றின் பின்னால் ‘கெக்கில்ல’ என்னும் பன்னத் தழையைத் திணித்துத்தான் தொழிலாளர் கீழே இறங்குகின்றனர். சேறும் ஊற்றுநீரும் குழிக்குள் பாயாதபடி அத்தழை தடுக்கிறது. அந்தத் தழை இல்லையேல் மேலே மாணிக்கமும் வராது, மனிதனும் வரமாட்டான்.

அப்படியானால், மலைச்சரிவில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த செடியும் மரமும் எங்கே போயின? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்கும் இறப்பருக்குமாகவும் மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. வெட்டிய கைகள் நம் முன்னோருடையவை. வெட்டச் சொன்ன வாய் வேறு. லயம் எந்தச் சரிவில், எந்த ஓடைக்கரையில் அமைய வேண்டும் என்பதையும் அதில் குடியிருக்கப் போகிறவர் தீர்மானித்ததில்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. 2016 மே 17 அன்று நம் மாகாணத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் ஒரு தோட்டக் குடியிருப்பின்மேலும் மண் இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் மழை மலைநாட்டின் பல மாவட்டங்களில் இதே துயரத்தை மீண்டும் எழுதிச் சென்றது. ஒவ்வொரு முறையும் ‘இயற்கையின் சீற்றம்’ என்று நாளேடுகள் எழுதின. நீர் மண்ணை வென்றது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. வெளியேறச் சொன்னால் எங்கே போவது, போகுமிடத்தில் ஒரு பேர்ச் நிலமாவது தம் பெயரில் உண்டா என்ற கேள்விக்கு 324 கட்டங்களுள் ஒன்றும் இல்லை.

இவ்விடத்தில்தான் அம்மாணவியின் கேள்விக்கு நாம் வரவேண்டியிருக்கிறது. தோட்டத்து மக்களுக்கு ‘வீக்னஸ்’ எது?

பெருக்கும் எண்கள் அவர்களுக்குப் புதியவையல்ல. குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், எடுக்காவிட்டால் அரைப்பேர், வேலைக்கு இறங்காவிட்டால் பேரே இல்லை. ஒன்று, அரை, பூச்சியம் என்ற அந்தக் கணக்கைச் செக்ரோல் புத்தகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறது. கொழுந்து குறைந்ததற்குச் செடி முதிர்ந்தது காரணமா, வரட்சி காரணமா, எடுத்தவளின் காய்ச்சல் காரணமா என்று அப்புத்தகம் கேட்பதில்லை. குறைவு அவளுடைய குறைவாகவே பதியப்படுகிறது.

பள்ளிக்கூடமும் தன் பங்குக்கு ஒரு செக்ரோல் வைத்திருக்கிறது. ‘கணிதத்தில் பலவீனமான மாணவர்’ என்று நாம் அறிக்கைகளில் எழுதுகிறோம். நெருப்புக்கு நீர் போல அவளுக்குக் கணிதம் என்று அந்த வாக்கியம் படிக்கப்படுகிறது. விடியுமுன் தாய் வேலைக்குக் கிளம்ப, தம்பியைக் குளிப்பாட்டிச் சோறாக்கி, மழையில் மூன்று மைல் நடந்து வரும் பிள்ளை. கணித ஆசிரியர் நியமனம் ஆண்டுக்கணக்கில் காலியாயிருக்கும் வகுப்பு. இவற்றுள் எதுவும் அவளுடைய இயல்பைச் சேர்ந்ததன்று. ஆனால் இவை கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. பாறையும் மண்ணும் ஆகிய இரு வகையையும் கொண்ட உயிரின்மேல் நீர் விழுந்தால் இருமடங்கும் இருமடங்கும் பெருகி நான்கு மடங்காகும் என்பது ஆட்டத்தின் விதி. வறுமையும் ஆசிரியரில்லா வகுப்பும் ஒரே பிள்ளையின்மேல் விழும்போது நடப்பதும் இதுவே. அறிக்கையில் மட்டும் அது ‘பலவீனம்’ என்ற ஒற்றைச் சொல்லாகிவிடுகிறது.

அட்டவணை மாறாதது என்று நம்புவோர்க்கு ஆட்டத்தின் வரலாறே விடை கூறும். 1996 இல் வெளியான முதல் ஆட்டத்தில் மனோசக்தி வகை மற்ற வகைகளையெல்லாம் மிஞ்சி நின்றது. அதை அடக்கவல்ல எதிரி இல்லையென்றே சொல்லலாம். சமநிலை குலைந்ததைக் கண்ட ஆக்கியோர் 1999 இல் இருள், உருக்கு என்னும் இரு வகைகளைச் சேர்த்தனர். மனோசக்தியின் அடி இருளின்மேல் பூச்சியமாயிற்று. 2013 இல் தேவதை வகை வந்தது; அதுவரை இறுமாந்திருந்த டிராகன் வகையின் அடி அதன்மேல் பூச்சியமாயிற்று. நீரும் நெருப்பும் மாறவில்லை. எழுதியவர்கள் மாற்றி எழுதினார்கள்.

மனிதர்களின் அட்டவணையும் எழுதப்பட்டதே. 1948 இன் குடியுரிமைச் சட்டம் ஒரு நாளில் பல இலட்சம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோர் என்னும் வகையில் சேர்த்தது. முதல் நாள் மாலை கொழுந்து எடுத்த அதே கைகள். மறுநாள் காலை அவற்றின் குடியுரிமை பூச்சியம். 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கி வைத்தது. பங்கிடப்பட்டவரிடம் எவரும் கேட்கவில்லை. 2003 இன் சட்டம், எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. இடையில் 55 ஆண்டுகள்; அந்த ஆண்டுகளில் தொழிற்சங்கங்கள் நடத்திய போராட்டங்களும், கப்பலேறிப் பிரிந்த குடும்பங்களும். இயற்கை என்று சொல்லப்பட்டது ஒரு பேனாவால் எழுதப்பட்டு, மற்றொரு பேனாவால் அழிக்கப்பட்டது.

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டத் தமிழர் இதற்கும் மேலான ஒன்றைக் கண்டவர்கள். சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக்கிடக்கும் சிறு குடியிருப்புகள் அவர்களுடையவை. இரண்டு இனமும் நீரும் நெருப்பும் போல, ஒருபோதும் சேரமாட்டா என்று உரத்துச் சொல்லப்பட்ட காலங்கள் உண்டு. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோதும், 1983 ஜூலையிலும், அந்த உவமை தன் வேலையைச் செய்தது. ஆனால் குருகங்கை பெருகும் நாளில் நடப்பதென்ன? மேட்டில் லயத்தின் பின்சுவரை மண் முட்டுகிறது. பள்ளத்தில் கிராமத்தாரின் வயலும் வீடும் மூழ்குகின்றன. 2003 மே வெள்ளத்திலும் 2017 மே வெள்ளத்திலும் இம்மாவட்டம் கண்டது இதையே. மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்த மழை ஒன்று. நிவாரணத்துக்கு நின்ற வரிசையும் ஒரே தன்மையது. புல்லும் நீரும் சேர்ந்த உயிரின்மேல் நெருப்பு விழுந்தால், ஒன்றின் இரட்டிப்பை மற்றதன் பாதி ஈடுசெய்து, அடி வெறும் ஒன்றாகிவிடும் என்றும் அந்த ஆட்டத்தில் ஒரு கணக்குண்டு. வேறுபட்டவர் சேர்ந்தால் பலவீனம் குறையும் என்பதைப் பிள்ளைகள் அதிலிருந்தே அறிந்திருக்கின்றனர். பெரியவர்களுக்குத்தான் அது இன்னும் பாடமாகவில்லை.

ஆதலால் ஆட்டத்தைத் தடைசெய்வதால் பயனில்லை. அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, அதன்மேல் மூன்று கேள்விகளைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்கினால் போதும். எவ்வளவு? எந்த நிலைமையில்? எழுதியவர் யார்? நெருப்பையும் நீரையும் நோக்கி இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, தன் மதிப்பெண் அறிக்கையை நோக்கியும் தன் தாயின் செக்ரோலை நோக்கியும் அவற்றைக் கேட்காமல் இராது.

குருவிட்டப் பகுதியின் இறப்பர்க் காடுகளில் நெடுங்காலமாக மழையே பால் வெட்டின் பகை. பட்டை நனைந்தால் பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்து வீணாகும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டுகிறவரின் பேரும் ஐயத்துக்குரியது. பின்னர் வெட்டுவாய்க்கு மேலே மரத்தைச் சுற்றி ஒரு பொலித்தீன் மழைக்காப்பைக் கட்டக் கற்றனர். மழை அப்படியே பெய்கிறது. மரமும் அதே மரம். காப்புக் கட்டிய மரத்தில் மழைக்கு மறுநாளும் பால் வடிகிறது. கட்டாத மரத்தில் வடிவதில்லை. அந்தப் பொலித்தீனுக்குச் செலவிட வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவர் மட்டும் மழையில் நனைவதில்லை.